ஷார்ட்ஸ்டாப்பின் பக்கத்தைக் கீழிருந்து படிக்க வேண்டும்: பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளம் பற்றிய மதிப்புரை

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஒருவரின் தொழில்முறை வாழ்க்கையை முழுமையாக அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சென்று சேரும் இடம் பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளம். பிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜோசஃப்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ஷான் ஃபோர்மன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இத்தளம், 1871 முதல் இன்றுவரை பெரிய லீக்குகளில், அதாவது உச்சநிலைத் தொழில்முறைப் போட்டிகளில், ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பக்கம் வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களைப் படிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. இந்த மதிப்புரையை ஷார்ட்ஸ்டாப்புகளின் பக்கங்களை மட்டும் வைத்து எழுதுகிறேன். புள்ளிவிவரத் தளம் ஒன்றின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டிவிடக்கூடிய ஆட்ட இடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பேஸ் என்பது ஓட்டக்காரர் வரிசையாக ஓடித் தொட வேண்டிய முனை. ஷார்ட்ஸ்டாப் என்பவர் இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையே நிற்கும் களத்தடுப்பாளர். வலக்கை மட்டையாளர்கள் இழுத்து அடிக்கும் தரைப்பந்துகளில் பெரும்பகுதி அவரை நோக்கியே வருகிறது. பேஸ்களுக்கு இடைப்பட்ட தூரம் 90 அடி. அதை மட்டையாளர் ஓடிக் கடப்பதற்குள் பந்தை எட்டிப் பிடித்து, காலை ஊன்றி, களத்தின் குறுக்கே முதல் பேஸுக்கு எறிய வேண்டும். மூன்றாம் பேஸ் பக்கமாக ஆழத்தில் பிடித்த பந்து என்றால், நின்று குறிபார்க்க நேரமே இருக்காது. இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர் மட்டையாட்டத்தில் சுமாராக இருந்தாலும் அணிகள் அவரை வைத்துக்கொள்ளும். அவரது வாழ்க்கையின் மதிப்பு அவர் எடுத்த ரன்களைக் காட்டிலும் எதிரணி எடுக்க முடியாமல் போன ரன்களில்தான் அதிகம் இருக்கிறது. நடக்காமல் போன ஒன்றை எண்ணிக் காட்டுவது எளிதான செயல் அல்ல. தளத்தின் தரத்தை அளக்க நான் இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆஸி ஸ்மித்தின் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது மட்டையாட்ட அட்டவணை. 1978இல் சான் டியேகோ பாட்ரெஸ் அணியில் தொடங்கி, 1982 முதல் 1996 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் ஆடி முடித்த 19 பருவங்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. மட்டையெடுத்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட், அதாவது பேஸை எட்டவைத்த அடி, என்று சொல்லும் சராசரி மொத்தத்தில் .262; எல்லை வேலியைத் தாண்டும் அடிகளான ஹோம் ரன்கள் 28. 1979இல் சராசரி .211, 1981இல் .222. லீக் சராசரியை 100 என வைத்து மட்டையாட்டத்தை அளக்கும் ஓபிஎஸ் பிளஸ் என்ற எண் அவருக்கு 87. இந்த மேல் அட்டவணையோடு நிறுத்திக்கொள்ளும் வாசகருக்கு, இவர் 2002ஆம் ஆண்டில் 91.7 சதவீத வாக்குகளுடன் முதல் முயற்சியிலேயே மாபெரும் வீரர்களுக்கான புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானது விளங்காத செய்தியாகவே இருக்கும். எல்லா வீரர்களுக்கும் ஒரே அமைப்பு என்ற கொள்கை நியாயமானதே. ஆனாலும் ஷார்ட்ஸ்டாப் பக்கங்களுக்குப் பொருந்தும் வாசிப்பு வரிசை இதற்கு நேர் எதிரானது. நேராகக் கீழே இறங்கிக் களத்தடுப்பு அட்டவணையைப் படித்துவிட்டுப் பிறகு மேலே வர வேண்டும்.

கீழே இருப்பது வேறு ஒரு மனிதரின் வாழ்க்கை போலத் தோன்றும். பெரிய லீக்கில் 2,511 ஆட்டங்களில் ஸ்மித் ஷார்ட்ஸ்டாப்பாக நின்றார். களத்தடுப்பில் வேறு எந்த இடத்திலும் அவர் நிற்கவில்லை. பந்தைப் பிடித்து எறிந்து ஓட்டக்காரரை வெளியேற்ற உதவுவது அசிஸ்ட் எனப்படுகிறது. அவருடைய 8,375 அசிஸ்டுகள் ஷார்ட்ஸ்டாப்புகளில் இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை. 1980ஆம் ஆண்டின் 621 அசிஸ்டுகளும் ஒரே பருவத்துக்கான சாதனையாக நிற்கின்றன. அதே 1980 முதல் 1992 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் அவர் சிறந்த களத்தடுப்புக்கான கோல்டு கிளவ் விருது பெற்றார். மட்டையால் .230 மட்டுமே அடித்த 1980ஆம் ஆண்டு, களத்தில் அவர் உச்சத்தில் இருந்த ஆண்டு என்பதை இந்த இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உணர முடிகிறது. இவ்வளவு பொறுமையாக, ஆண்டு ஆண்டாக, அணி அணியாக இந்த எண்களை அடுக்கிக் கொடுத்திருப்பதற்காகவே தளத்தை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பாராட்டத்தக்க இன்னொரு நுணுக்கமும் அதே அட்டவணையில் உண்டு. ஒவ்வொரு பருவத்திலும் வீரரின் களத்தடுப்பு விகிதத்துக்கு அருகில் அந்த ஆண்டு லீக் சராசரி எவ்வளவு என்பதையும் கொடுத்திருக்கிறார்கள். வெனிசுவேலாவிலிருந்து வந்த ஓமர் விஸ்கெல் 1989 முதல் 2012 வரை 24 பருவங்கள் ஆடினார்; 2,709 ஆட்டங்களில் ஷார்ட்ஸ்டாப்பாக நின்று அந்த இடத்தின் சாதனையை வைத்திருக்கிறார்; 11 கோல்டு கிளவ் விருதுகள் பெற்றார். அவரது களத்தடுப்பு விகிதம் .985. ஸ்மித்தின் விகிதம் .978. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்து விஸ்கெல்தான் மேலானவர் என்று வாதிடுவோர் பலர். ஆனால் அந்த விகிதம் சொல்வது, கைக்கு எட்டிய பந்துகளில் எத்தனை தவறின என்பதை மட்டுமே. எட்டாத பந்துக்கு எரர், அதாவது களத்தடுப்புத் தவறு, எழுதப்படுவதில்லை. எல்லோருக்கும் ஹிட்டாகப் போகும் பந்தை நோக்கிப் பாய்ந்து அதை எட்டிவிட்டவர் சில சமயம் எரரும் வாங்குவார். நின்ற இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தவரின் ஏடு சுத்தமாக இருக்கும். லீக் சராசரியும் காலத்தோடு மாறியிருக்கிறது. இருவரின் காலமும் ஒன்றல்ல. இந்த ஒப்பீட்டுக்குத் தேவையான எல்லாமே பக்கத்தில் இருக்கின்றன என்றாலும், தேடி எடுக்கும் பொறுப்பு வாசகருடையது.

கால் ரிப்கனின் பக்கம் இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. பால்டிமோர் ஓரியோல்ஸின் இந்த உயரமான வீரர் 2,632 ஆட்டங்கள் இடைவிடாமல் ஆடியவர் என்பதை உலகம் அறியும். 1990இல் பருவம் முழுவதும் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடி மூன்றே மூன்று எரர்கள் செய்தார்; விகிதம் .996. அந்த ஆண்டின் அமெரிக்கன் லீக் கோல்டு கிளவ் அவருக்குக் கிடைக்கவில்லை. சிகாகோ வைட் சாக்ஸின் ஆஸி கியென் அதைப் பெற்றார். ரிப்கனின் உண்மையான களவலிமையைக் காண 1984ஆம் ஆண்டு வரிக்குப் போக வேண்டும். அங்கே 583 அசிஸ்டுகள் இருக்கின்றன. வேகத்தில் அவர் பலரைவிடக் குறைந்தவர். மட்டையாளரையும் பந்துவீச்சையும் படித்து முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றதால் அத்தனை பந்துகளை அவர் எட்டினார்.

இனி தளத்தின் மிகப் புகழ்பெற்ற எண்ணுக்கு வருகிறேன். எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரை அதே இடத்தில் நிறுத்தினால் வருவதைவிட இவரால் அணிக்கு எத்தனை வெற்றிகள் கூடுதலாக வந்தன என்று மதிப்பிடும் எண் அது. வார் என்று அழைக்கிறார்கள். ஸ்மித்துக்கு இது ஏறத்தாழ 77. அதன் களத்தடுப்புப் பகுதியான டி-வார் அவருக்கு 44 வெற்றிகளைச் சுட்டுகிறது. வரலாற்றில் எந்த இடத்தில் ஆடிய எவருக்கும் அவ்வளவு இல்லை. இரண்டாம் இடத்தில் இருப்பவரும் ஒரு ஷார்ட்ஸ்டாப்பே. பால்டிமோரின் மார்க் பெலாஞ்சர், வாழ்நாள் முழுவதும் .228 சராசரியில் அடித்துக்கொண்டு எட்டு கோல்டு கிளவ் விருதுகள் பெற்றவர். மறக்கப்பட்டிருக்கக்கூடிய அப்படிப்பட்ட ஒரு வீரரைப் பட்டியலின் உச்சியில் கொண்டுவந்து நிறுத்தியது இந்த எண்ணின் பெரிய நன்மை. விஸ்கெலின் டி-வார் 30க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அவரும் மிகச் சிறந்தவரே. ஆனால் ஸ்மித்தோடு ஒரே மூச்சில் சொல்லத்தக்கவரா என்ற கேள்விக்குத் தளம் தரும் விடை தெளிவானது. நானும் அதை ஏற்கிறேன்.

இந்த எண்ணைப் பயன்படுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. மட்டையாட்டத்துக்கான ஓ-வார் என்ற எண்ணையும் டி-வாரையும் கூட்டினால் மொத்த வார் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வராது. ஷார்ட்ஸ்டாப் கடினமான இடம் என்பதற்காக அங்கே நிற்பவருக்கு ஒவ்வொரு பருவத்திலும் சில ரன்கள் கூடுதலாக வழங்கப்படுகின்றன. எளிய இடமான முதல் பேஸில் நிற்பவருக்குச் சில ரன்கள் கழிக்கப்படுகின்றன. அந்தச் சலுகை ஓ-வாரிலும் சேர்க்கப்படுகிறது, டி-வாரிலும் சேர்க்கப்படுகிறது. கூட்டினால் அது இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். ஷார்ட்ஸ்டாப்புகளைப் பற்றிய விவாதங்களில் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. தளத்தின் விளக்கப் பக்கத்தில் இது சொல்லப்பட்டிருக்கிறது; ஆனால் அட்டவணையின் காலடியிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டிய எச்சரிக்கை இது.

நியூயார்க் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் பக்கத்தில்தான் இந்தக் கணக்கின் முழு முரணும் வெளிப்படுகிறது. அவர் 1996இல் ஆண்டின் சிறந்த புதுமுகம். 3,465 ஹிட்டுகள் அடித்தவர். 2020இல் 397 வாக்காளர்களில் 396 பேரின் ஆதரவோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானவர். ஐந்து கோல்டு கிளவ் விருதுகளும் பெற்றார். ஆனால் களத்தடுப்பு ரன்கள் என்ற நிரலில் அவருக்கு எதிராக இருநூறுக்கும் மேற்பட்ட ரன்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அதாவது சராசரி ஷார்ட்ஸ்டாப் தடுத்திருக்கக்கூடிய அத்தனை ரன்கள் அவரைக் கடந்து சென்றதாகக் கணக்கு சொல்கிறது. விருதுகளும் எண்களும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு நிற்கின்றன. தளம் இரண்டில் எதையும் மறைக்கவில்லை, எதற்கும் சாக்குச் சொல்லவில்லை. அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். மட்டையால் அவர் ஈட்டியது அவ்வளவு பெரியது என்பதால், இந்தக் கழிவுக்குப் பிறகும் அவருடைய வார் 70க்கு மேல் நிற்கிறது.

என் முக்கியமான குறையும் இங்கேதான் எழுகிறது. அசிஸ்டும் எரரும் ஆட்டக் குறிப்பாளர் களத்திலிருந்து எழுதிய பதிவுகள். களத்தடுப்பு ரன்கள் என்பது மதிப்பீடு. 2003 முதலான பருவங்களுக்கு, ஆட்டக் காட்சிகளைப் பார்த்துப் பந்து போன திசையையும் வேகத்தையும் பதிவுசெய்து கணக்கிடும் முறையைத் தளம் பயன்படுத்துகிறது. அதற்கு முந்தைய பருவங்களுக்கு, பழைய ஆட்டங்களின் பந்துக்குப் பந்து விவரங்களைத் திரட்டிவரும் ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பின் பதிவுகளிலிருந்து, டோட்டல் ஸோன் என்ற முறையில் ஊகித்தறிகிறது. இரண்டு முறைகளின் நம்பகத்தன்மையும் சமமானதல்ல. அந்தப் பதிவுகள் குறைந்துகொண்டே போகும் பழைய தலைமுறைகளுக்குச் செல்லச் செல்ல ஊகத்தின் பங்கு கூடுகிறது. ஆயினும் அட்டவணையில் 1909ஆம் ஆண்டின் ஹோனஸ் வாக்னரும் இன்றைய வீரரும் ஒரே எழுத்துருவில், ஒரே துல்லியத்தோடு, ஒரே வகை எண்களாகக் காட்சியளிக்கிறார்கள். பதிவு எது, மதிப்பீடு எது என்பதை நிறத்தாலோ குறியாலோ பிரித்துக் காட்டுவது தொழில்நுட்ப ரீதியில் கடினமான செயலாக இருக்க முடியாது. ஜீட்டரின் வாழ்க்கை இந்த இரண்டு முறைகளுக்கும் குறுக்கே விரிந்து கிடப்பதால், அவர் பக்கத்தில் அந்தப் பிரிவு மிகவும் தேவைப்படுகிறது.

அட்டவணைக்குள் அடங்காதவையும் உண்டு. 1978 ஏப்ரல் 20 அன்று, அட்லாண்டா பிரேவ்ஸின் ஜெஃப் பரோஸ் அடித்த தரைப்பந்தைத் தடுக்க ஸ்மித் இடப்பக்கம் பாய்ந்தார். அவர் அந்தரத்தில் இருக்கும்போது பந்து தரையில் பட்டு எதிர்பாராத திசையில் எழும்பியது. கையுறை அணியாத வெறுங்கையால் அதைப் பின்னால் எட்டிப் பிடித்து, எழுந்து, முதல் பேஸுக்கு எறிந்து பரோஸை வெளியேற்றினார். பெரிய லீக்கில் அவர் காலடி வைத்து இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. தளத்தில் அது ஓர் அசிஸ்ட், அவ்வளவுதான். 2001 அக்டோபர் 13 அன்று ஓக்லாந்தில், வலப்புறத்திலிருந்து வந்த எறிதல் இலக்கைத் தாண்டிப் போனபோது, ஷார்ட்ஸ்டாப் இருக்கவே வேண்டாத முதல் பேஸ் கோட்டுக்கு அருகில் ஓடிவந்து, பந்தைக் குறுக்காகத் தட்டிவிட்டு ஜெரமி ஜியாம்பியை வெளியேற்றினாரே ஜீட்டர், அதுவும் ஓர் அசிஸ்ட்தான். யாங்கீஸ் அந்த ஆட்டத்தை 1–0 என வென்றது. மேற்சொன்ன இருநூறு ரன்களையும் இந்த ஒரு கணத்தையும் ஒரே மனிதர் விட்டுச்சென்றார் என்பதை ஏற்றுக்கொள்ள, பக்கத்தை விட்டுப் பழைய காட்சிப்பதிவுகளுக்குச் செல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஆட்டவாரிப் பதிவுகளுக்குள் நுழைந்தால் தளம் இந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடுகிறது. பலர் எட்டிப் பார்க்காத இந்தப் பகுதியில் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். ஸ்மித்தின் 28 ஹோம் ரன்களும் நாள், பந்துவீச்சாளர், இன்னிங்ஸ் ஆகிய விவரங்களோடு வரிசையாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஆறு 1985இல் வந்தவை. வழக்கமான பருவத்துக்கு வெளியே, அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் அடித்த ஹோம் ரன்தான் செயின்ட் லூயிஸில் இன்றும் பேசப்படுவது. ஒன்பதாம் இன்னிங்ஸ், 2–2 என்ற சமநிலை, எதிரில் டாட்ஜர்ஸின் டாம் நீடன்ஃபியூவர். இரு கைகளாலும் ஆடும் ஸ்மித் அப்போது இடக்கைப் பக்கம் நின்றார். அதற்குமுன் அந்தப் பக்கத்திலிருந்து 3,009 முறை மட்டையெடுத்தும் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. வலக்கை, இடக்கை வாரியாகப் பிரித்துக் காட்டும் பட்டியலை ஆண்டு ஆண்டாகத் திறந்து பார்த்துவிட்டு அந்த ஆட்டத்தின் விவரப் பக்கத்துக்குப் போனால், ஓர் எண் எவ்வளவு பெரிய அதிர்ச்சியைத் தன்னுள் அடக்கியிருக்க முடியும் என்பது புரியும்.

அதே 1985இல் ஸ்மித்தின் எறியும் கைத் தோளில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாமல், எறியும் முறையை மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகும் ஏழு கோல்டு கிளவ் விருதுகள் பெற்றார். பக்கத்தில் இதற்குத் தடயமே இல்லை. அவர் பாட்ரெஸிலிருந்து கேரி டெம்பிள்டனுக்கு ஈடாகக் கார்டினல்ஸுக்கு வந்தார் என்பதைப் பரிமாற்றப் பகுதி சொல்கிறது. வர மறுக்கும் உரிமை பெற்றிருந்த அவரைச் சம்மதிக்க வைக்க மேலாளர் வைட்டி ஹெர்சாக் சான் டியேகோவுக்கே நேரில் சென்றதைச் சொல்லவில்லை. 1995இல் 44 ஆட்டங்கள், .199, 1996இல் 82 ஆட்டங்கள்,.282. நன்றாக அடித்த கடைசி ஆண்டில் ஏன் பாதி ஆட்டங்கள் மட்டுமே என்று கேட்பவர், புதிய மேலாளர் டோனி லா ரூசா அந்த இடத்தை ராய்ஸ் கிளேட்டனுக்குப் பகிர்ந்தளித்ததையும் அதனால் எழுந்த மனக்கசப்பையும் வேறெங்காவது படித்துக்கொள்ள வேண்டும். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. தளம் தன் வேலை எது என்பதைத் தெரிந்து வைத்திருக்கிறது.

பெரிய லீக்குக்குக் கீழே வீரர்கள் பழகும் சிறிய லீக் பதிவுகளையும் வீரரின் பக்கத்தோடு இணைத்திருப்பது இளம் வீரர்களைப் பின்தொடர்பவர்களுக்குப் பெரிய உதவி. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில் 1992இல் ஆறாவது தேர்வாக யாங்கீஸுக்கு வந்த ஜீட்டர், அடுத்த ஆண்டு கிரீன்ஸ்பரோ அணியில் 56 எரர்கள் செய்தார். அன்று அந்த வரியைப் பார்த்த எவரும் அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியிருப்பார்கள். அவர் ஓய்வுபெறும்வரை ஷார்ட்ஸ்டாப்பாகவே நின்றார்.

கறுப்பின வீரர்களுக்கெனத் தனியே நடந்த நீக்ரோ லீக்குகளின் 1920 முதல் 1948 வரையான பருவங்களை 2021இல் பெரிய லீக் பதிவுகளாகவே இத்தளம் ஏற்றுக்கொண்டது. நிறவெறியால் வெளியே நிறுத்தப்பட்ட வில்லி வெல்ஸ் போன்ற ஷார்ட்ஸ்டாப்புகள் இப்போது ரிப்கனும் ஸ்மித்தும் இருக்கும் அதே பட்டியல்களில் இருக்கிறார்கள். மிக நீண்ட காலம் தாமதமான, மிகச் சரியான முடிவு இது. ஆனால் இன்னொரு நீக்ரோ லீக் ஷார்ட்ஸ்டாப்பான ஜான் ஹென்றி லாய்டின் பக்கத்துக்குப் போகிறவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அவர் 1884இல் பிறந்தவர். பெரிய லீக் என்ற தகுதி தொடங்கும் 1920இல் அவருக்கு வயது 36 ஆகிறது. உடல் வலுவின் உச்சத்தில் அவர் ஆடிய ஆண்டுகள் அந்த மொத்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. 1977இல் அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தவர்கள் மதித்தது அந்த முழு வாழ்க்கையைத்தான். ஆகவே அவருடைய மொத்த வாரை மற்றவர்களுடையதோடு ஒப்பிடுவது பொருந்தாது.

கட்டணம் செலுத்தும் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டாட்ஹெட் என்ற தேடல் கருவி சந்தாதாரர்களுக்கானது. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு ஷார்ட்ஸ்டாப்பாக ஆயிரம் ஆட்டங்கள் ஆடியவர்கள் யார் என்பது போன்ற கேள்விகளை அதில் கேட்கலாம். எழுதுகிறவர்களுக்கும் ஆராய்கிறவர்களுக்கும் அது தேவைப்படும். ஒரு வீரரின் வாழ்க்கையைப் படிக்க விரும்புகிறவருக்கு இலவசப் பக்கங்களே போதும். இன்றைய ஷார்ட்ஸ்டாப்புகளான ஃபிரான்சிஸ்கோ லிண்டோரையோ பாபி விட் ஜூனியரையோ பின்தொடர்பவர்கள் மட்டும் கூடவே மேஜர் லீக் பேஸ்பாலின் சாவன்ட் தளத்தையும் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. களத்தடுப்பாளர் எங்கே நின்றார், எவ்வளவு தூரம் ஓடினார் என்பதை அரங்கக் கருவிகள் அளந்து சொல்வதை அங்கே காணலாம். இரண்டாம் பேஸின் இருபுறமும் உள்வட்டத் தடுப்பாளர்கள் இருவர் இருவராகவே நிற்க வேண்டும் என்ற விதி 2023இல் வந்த பிறகு, ஷார்ட்ஸ்டாப்பின் கால்வேகம் மீண்டும் முழு மதிப்புப் பெற்றிருப்பதால், அந்த அளவீடு இப்போது முன்னைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.